எச்சில் தொட்ட கண்ணாடி

1

இந்த ஊருக்கு வந்து சரியாக இரண்டு ஆண்டு முடிந்த திங்கட்கிழமை காலையில், நான் விற்ற பொருள் ஒன்று பெட்டியோடு கடைக்குத் திரும்பி வந்தது. வேட்டைத் துப்பாக்கியின் முதுகில் பொருத்திக் குறி பார்க்கிற தொலைநோக்கிக் குழல். ஸ்கோப் என்பார்கள். அதில் கண் வைக்கும் பக்கத்துக் கண்ணாடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஏதோ காய்ந்து, வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. அது எச்சில். பூசியது அதை வாங்கிய டோனா என்கிற பெண்மணி. பூசச் சொன்னது நான்.

இதை எழுத வேண்டுமா என்று ஒரு வாரத்துக்கு மேல் யோசித்தேன். இதற்கு முன் எழுதிய குறிப்புகளில் நான் கொஞ்சம் கெட்டிக்காரனாகவே வந்திருக்கிறேன். கனடாவின் சமவெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரே ஒரு பெரிய தெருவுள்ள சிற்றூரில், தூத்துக்குடித் திரேஸ்புரத்துப் பையன் எப்படிச் சமாளிக்கிறான் பாருங்கள் என்கிற தோரணை அவற்றில் இருக்கும். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பனி புதிதில்லை என்றுகூட ஒருமுறை எழுதிவிட்டேன். அது பொய். உப்பு கண்ணைக் கூச வைக்கும், அவ்வளவுதான். கால்களை மரத்துப்போக வைக்காது. இங்கே நவம்பரில் காலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக்கொள்கிறது. முதல் ஆண்டு அதை வேடிக்கை பார்த்தேன். இரண்டாம் ஆண்டு அலுத்துவிட்டது.

2

நான் வேலை பார்க்கும் கடையில் பனி வாரும் மண்வெட்டி, தூண்டில், ரப்பர் காலணி, துப்பாக்கி எல்லாம் உண்டு. முதலாளி பெயர் டாரில். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்த புதிதில் அவரை ‘சார்’ என்றேன். சார் என்றால் வரி அலுவலகத்துக்காரன் மாதிரி இருக்கிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றார். அந்த வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. இந்த இரண்டு வருடமும் எதுவும் சொல்லாமல், அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பேசினேன். மனத்துக்குள் அவர் இன்றும் அண்ணாச்சிதான்.

துப்பாக்கியைத் தொட எனக்கு உரிமம் இல்லை. விண்ணப்பப் படிவம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாவது என்னைத் தெரிந்த இருவர் என் நடத்தைக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. நான் இங்கு வந்தே இரண்டு ஆண்டு. மூன்றாண்டுக்கு மேல் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாம் திரேஸ்புரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே துப்பாக்கி டாரில் பக்கம், ஸ்கோப் என் பக்கம். ஒரு குண்டுகூடச் சுட்டிராதவன், எந்த ஸ்கோப் நம்பகமானது என்று நாற்பது வருடம் வேட்டையாடியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எப்படிச் சொல்கிறாய் என்று உங்களில் ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். தூத்துக்குடியில் இயற்பியல் படித்தபோது லென்சு படம் நூறு தடவை வரைந்திருக்கிறேன். அது இங்கே பைசாவுக்கு உதவவில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தது கடையின் பின்னறையில் இருக்கும் ஓர் அலமாரி. பழுதென்று திரும்பி வருகிற ஸ்கோப்புகளை அதில்தான் வைப்போம். வந்த முதல் குளிர்காலம் முழுக்க அவற்றைப் பிரித்துப் பார்த்து, ஏன் திரும்பி வந்தது என்று நோட்டில் எழுதினேன். பாதிக்குப் பாதி ஸ்கோப்பின் குற்றமே இல்லை. துப்பாக்கியோடு அதைப் பிடிக்கும் வளையங்களின் திருகாணி தளர்ந்திருக்கும். குறி தப்பியவர் ஸ்கோப்பைத் திட்டியிருப்பார்.

மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று. நம்மூரில் போன் வாங்கப் போனால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பது போல. மடங்கு கூடக்கூட உள்ளே அசைகிற பாகமும் கூடும், விடியலின் மங்கல் வெளிச்சத்தில் படம் இருண்டும் போகும். நான் பார்க்கச் சொல்வது வேறு. குறியை நகர்த்த மேலே இருக்கும் திருகை இருபது சொடுக்கு ஏற்றி, இருபது சொடுக்கு இறக்கினால் குறி பழைய இடத்துக்கே வருகிறதா? நூறு குண்டின் உதைப்பு வாங்கிய பிறகும் அங்கேயே நிற்கிறதா? கண்ணுக்கும் குழலுக்கும் நடுவே நாலு விரற்கடையாவது இடம் விட்டுப் படம் முழுதாகத் தெரிகிறதா? அந்த இடைவெளி இல்லாத ஸ்கோப் வாங்கியவர்களை இந்த ஊர்த் தெருவிலேயே காட்டலாம். சுட்ட உதைப்பில் குழலின் விளிம்பு இடித்து, புருவத்துக்கு மேல் பிறைத் தழும்போடு திரிவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே ஈரம் புகாமல் இருக்கவேண்டும். தொழிற்சாலையில் உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு, ஈரமில்லாத வாயுவை நிரப்பி அடைக்கிறார்கள். அடைப்பு கசிந்தால் கடைக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. குளிரில் கொண்டுபோன பிறகு உள்பக்கமாக மூடிக்கொள்ளும்.

இத்தனையும் தெரிந்தவன்தான் எச்சிலைத் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன்.

3

டோனா எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். அறுபதை நெருங்குகிறார். கணவர் இல்லை. வேலையிழந்து வீட்டோடு வந்து சேர்ந்திருக்கும் மகனும், அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் அவருடைய கையை எதிர்பார்த்து இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. தமிழில் எழுதும்போது அவர் என்னை ‘நீ’ என்கிறார், நான் அவரை ‘நீங்க’ என்கிறேன். அந்த வயதுக்கு அதுதான் பொருந்துகிறது.

இங்கே மூஸ் என்று ஒரு மான். நம்மூர் எருமையை இன்னும் ஓரடி உயர்த்தி, நெட்டைக் கால் வைத்துப் பாருங்கள். ஒன்று விழுந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க இறைச்சி. ஆனால் நினைத்தவர் நினைத்தபடி சுட முடியாது. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். குலுக்கலில் விழுந்தால் ஒரு சீட்டு, ஒரு மூஸ். டோனாவுக்கு நான்கு ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு இந்த ஆண்டு விழுந்தது. வார நாளில் காலையும் மாலையும் பேருந்து. ஞாயிற்றுக்கிழமை இங்கே வேட்டைக்குத் தடை. ஆகவே பருவத்தின் இரண்டு சனிக்கிழமைகள் மட்டும்தான் அவருக்கு. பழைய ஸ்கோப் போன ஆண்டு கீழே விழுந்து உடைந்ததில், புதிது வாங்க அக்டோபரில் என்னிடம் வந்தார்.

“எனக்கு ஒரே ஒரு தடவைதான் அது முன்னால வந்து நிக்கும். அந்த நேரத்துல இது தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்” என்றார்.

டாரில் புதிதாக மொத்தமாக இறக்கியிருந்த ஒரு வகை இருந்தது. பெயர் சொல்லவில்லை. திருகு சரியாக இருந்தது, கண்ணிடைவெளி தாராளம், வெளிச்சமும் நன்று. அந்த வகை அதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. புதிதாக வந்ததால் திரும்பி வரவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. கொடுத்தேன்.

அவருடைய முதல் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு திரும்ப வந்தார். துப்பாக்கியில் பொருத்துமுன் வீட்டுக் கொல்லையில் வைத்துப் பார்த்தபோது விடிகாலையில் புகை மூடினாற்போல் இருந்தது என்றார். டாரில் கடையில் இல்லை. நான் வாங்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது.

“மூச்சுக் காத்து பட்டிருக்கும்” என்றேன்.

“நான் மூச்சு விடாம இருக்கணுமா?”

“வேண்டாம். அதுக்கு ஒரு வழி இருக்கு.”

4

அந்த வழி எங்கள் வீட்டு வழி. அப்பாவும் அண்ணன் சூசையும் சங்கு குளிக்கிறவர்கள். படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து இறங்கும் காற்றுக் குழாயை, ஓசு என்பார்கள், வாயில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்குவார்கள். இறங்குமுன் முகக் கண்ணாடியின் உள்பக்கம் எச்சிலைத் துப்பி, கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்து, கடல்நீரில் ஒரே ஒரு முக்கு முக்கி முகத்தில் மாட்டுவார்கள். பிறகு மணிக்கணக்கில் மூச்சு பட்டாலும் மூடாது. அவர்கள் இருவருக்கும் கையெழுத்துக்கு மேல் எழுத்து வராது. என்னைப் படிக்க வைக்கவேண்டும் என்பதற்காகக் கடலில் இறங்கவே விட்டதில்லை. ஆனாலும் அந்தக் கட்டைவிரல் வட்டத்தை ஆயிரம் முறை பார்த்தவன் நான்.

கடையில் டோனா முன்னால் அதைச் செய்து காட்டினேன். தொட்டுத் தேய்த்து, துணியால் லேசாக ஒற்றி, ‘ஹா’ என்று ஊதினேன். அதே மூச்சுக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கதவு ஆவி படிந்து மூடியது. ஸ்கோப் மூடவில்லை. டோனா புருவத்தைத் தூக்கினார்.

“இதை எங்க படிச்சே?”

“எங்க வீட்டுல.”

அந்த நிமிடத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டு ஆண்டாக இங்கே நான் கேட்டுக்கொள்கிறவனாகவே இருந்தேன். காலணிக்கயிறு கட்டுவதிலிருந்து வங்கிப் படிவம் வரை எல்லாம் மற்றவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் வீட்டில் இருந்து வந்த ஒன்று இந்த நாட்டில் ஒருவருக்குப் பயன்படுகிறது என்பது அன்றுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்து போயிற்று. சனிக்கிழமை காலையில் வண்டியிலிருந்து இறங்கியதும் இன்னொரு தடவை பூசிக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

தூத்துக்குடிக் கடல் ஒருநாளும் உறைந்ததில்லை. அதுதான் நான் மறந்தது.

5

திங்கட்கிழமை அவர் பெட்டியை மேசைமேல் வைத்தபோது டாரிலும் இருந்தார். துப்பாக்கியை உறையோடு கொண்டுவந்திருந்தார் டோனா. குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

“வந்துச்சு” என்றார். “மூஸ் காளை. நூத்தைம்பது மீட்டர்தான் இருக்கும். பக்கவாட்டுல நின்னுச்சு, படம் எடுக்க நிக்கிற மாதிரி. உள்ள பாத்தா பால் ஊத்தின மாதிரி வெள்ளை. கையுறையால தேச்சேன், இன்னும் மோசமாச்சு. எதைச் சுடுறேன்னு தெரியாம நான் சுடமாட்டேன். அது பாட்டுக்கு நடந்து போச்சு.”

டாரில் ஸ்கோப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைச் சூட்டில் பனி உருகிக் காய்ந்து, அந்த வெள்ளைத் திட்டு மட்டும் இருந்தது. “இதுல என்னத்தைப் பூசினீங்க?”

அந்த வாரம்தான் டாரில் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. நான் தன் கடையில் நிரந்தர வேலையில் இருப்பவன், ஸ்கோப் விஷயத்தில் விவரம் தெரிந்தவன் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் குடிவரவுத் துறையில், இங்கேயே நிரந்தரமாகத் தங்கக் கேட்ட என் கோப்பு அடுத்த மேசைக்கு நகரும். டோனாவுக்கும் அது தெரியும். சிற்றூரில் எல்லாருக்கும் எல்லாமும் தெரியும்.

டோனா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

“எச்சில்” என்றார். “எங்கயோ கேள்விப்பட்டேன். என் யோசனைதான்.”

டாரில் சிரித்துவிட்டார். “இருபத்திரெண்டு டிகிரி உறைநிலைக்குக் கீழ! எச்சிலை வச்சு நீங்களே பனிக்கட்டி செஞ்சிருக்கீங்க. ஸ்கோப் மேல குத்தம் இல்லை.” நன்றாகத் துடைத்தார், இலவசமாக ஒரு துடைக்கும் துணி கொடுத்தார், புதன்கிழமைக்குள் துப்பாக்கியில் மறுபடி பொருத்தி வைக்கிறேன் என்றார். டோனா தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே சனிக்கிழமை. அதோடு பருவம் முடிகிறது.

நான் மண்வெட்டிகளை அளவு வாரியாக அடுக்கினேன். ஏற்கெனவே அளவு வாரியாகத்தான் இருந்தன.

6

செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்புமுன் அண்ணனைக் கூப்பிட்டேன். இங்கே காலை என்றால் அங்கே மாலை. மழைக்காலம், கடல் கலங்கியிருக்கும் என்பதால் வீட்டில்தான் இருப்பான். போனை எடுத்தது அவன் மகள். “ஹாய் அங்கிள்” என்றாள். இங்கிலீஷ் மீடியம். சித்தப்பா என்று சொல்லு என்றேன். “ஓகே அங்கிள்” என்றாள். கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள்தான் மொழியை விடுவார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. திரேஸ்புரத்தில் இருக்கிற பிள்ளை என்னை அங்கிள் என்கிறது.

அண்ணனிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். எச்சில் உறைந்தது வரை வந்ததும் சிரிக்கத் தொடங்கினான். இருமல் வரும்வரை சிரித்தான்.

“ஏலே, எச்சிக்கு இத்தன படிப்பா? நாலு எழுத்து படிச்சவன்னு ஒன்ன ஏரோப்ளேன்ல ஏத்தி விட்டா, அங்கன போயி துப்பிட்டு வாரியாக்கும்?”

“சிரிக்காதண்ணே. அந்தம்மாவுக்கு நாலு வருசம் காத்து வந்த சீட்டு.”

“சரி சரி. சிரிக்கல.” இன்னும் கொஞ்சம் சிரித்தான். பிறகு கேட்டான்: “மூடுனது வெளிய மூடிச்சா, உள்ள மூடிச்சா?”

“எச்சி வெளியதான் உறைஞ்சுது.”

“அத கேக்கல மூதி. அதுக்கு முந்தியே ஒரு வாட்டி மூடிச்சுன்னியே. அப்ப எச்சியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அது எங்கன மூடிச்சு?”

டோனா கொல்லையில் வைத்துப் பார்த்ததைத்தான் கேட்கிறான். மூச்சு பட்டிருக்கும் என்று நானாகத்தான் முடிவு செய்தேன். உள்ளேயா வெளியேயா என்று அவரிடம் கேட்கவே இல்லை.

“கண்ணாடி கசிஞ்சா எச்சி என்னலே செய்யும்?” என்றான் அண்ணன். “கூறு கெட்டவனே, ஓசுக்குத் தண்ணி பாக்கது நீதானல. எனக்கு மூச்சு வருதா வரலியான்னு பாத்துச் சொல்லுத ஆளு நீ. அந்த வேலய மறந்துட்டு, நான் செய்யுத வேலயப் போயி அங்கன செஞ்சிருக்க.”

அது உண்மை. பள்ளிக்கூடம் போகுமுன் எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கம்ப்ரசரை ஓட விட்டு, ஓசின் இணைப்புகளை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். பஞ்சர் கடையில் ட்யூபை முக்கிப் பார்ப்பது போலத்தான். ஆனால் இதன் மறுமுனையை அண்ணன் கடித்துக்கொண்டு இறங்குவான். “ஒண்ணுமில்ல” என்று நான் சொன்ன பிறகுதான் படகு நகரும். ஏழு வருடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

“அந்தம்மா பழிய அவ்வோ தலையில ஏத்துக்கிட்டாவளே,” என்றான் வைக்குமுன், “நீ என்னலே செஞ்ச?”

“மண்வெட்டி அடுக்கினேன்.”

அதற்கு அவன் சிரிக்கவில்லை.

7

என் மௌனம் என்ன செய்திருக்கிறது என்பது பேருந்தில் போகும்போதுதான் முழுக்க விளங்கியது. எச்சில்தான் காரணம் என்று டாரில் முடிவு செய்துவிட்டார். ஆகவே வேறு காரணம் இருக்கிறதா என்று யாரும் தேடப்போவதில்லை. அந்த ஸ்கோப் கசிகிறது என்றால், துடைத்துப் பொருத்தி, அதே ஸ்கோப்போடு டோனாவைக் கடைசி சனிக்கிழமைக்கு அனுப்பப்போகிறோம்.

செவ்வாய் முழுக்க டாரில் சரக்கெடுக்க வெளியூர், மேசையை விட்டு நகர எனக்கு முடியவில்லை. புதன்கிழமை கடை திறக்க அரைமணி முன்பே போனேன். பெயிண்ட் கலக்கும் வாளியைக் கழுவி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் பிடித்தேன். திருகுகளின் மூடியைக் கழற்றி ஸ்கோப்பை முழுக்க முக்கினேன். சூடு பட்டதும் உள்ளே இருக்கும் வாயு விரியும், வழி இருந்தால் வெளியே வரும். முதலில் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் குமிழிகள் எழும்பும். அவற்றை நம்பக்கூடாது, விரலால் தடவி விட்டுவிட வேண்டும். அதன் பிறகு வருவதுதான் கணக்கு.

டாரில் உள்ளே வந்தார். கூடவே டோனா, துப்பாக்கியை வாங்கிப் போக. காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார்.

“என்ன பண்றே?” என்றார் டாரில். “அது வித்த பொருள்.”

“கசியுதான்னு பாக்கறேன்.”

“அதுல எச்சில் துப்பினாங்க. அவ்வளவுதான் கதை.”

காலையில் பல் தேய்க்கும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்த ஆங்கில வாக்கியம் எனக்குத் தயாராக இருந்தது. “துப்பச் சொன்னது நான். செஞ்சு காட்டினதும் நான். திங்கக்கிழமை அவங்க சொன்னது எனக்காக.”

டாரில் என்னைப் பார்த்தார். டோனா கூரையைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். மடங்கு கூட்டுகிற வளையத்தின் அடியிலிருந்து, ஒரே இடத்திலிருந்து, பாசிமணி கோத்த மாதிரி குமிழி ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்துகொண்டிருந்தது.

“டாரில்” என்றேன். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. “இங்க பாருங்க.”

முழங்கால் சொடுக்க, வாளிக்கு முன் குந்தினார். கையை விட்டு வளையத்தைத் திருப்பினார். குமிழி இன்னும் வேகமாக வந்தது. எழுந்து போய், அலமாரியிலிருந்து அதே வகையில் மீதமிருந்த ஐந்தையும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். “எல்லாத்தையும் போடு.”

ஐந்தில் இரண்டு கசிந்தன.

பருவக் கடைசி என்பதால் நல்ல வகைகள் எல்லாம் விற்றுப்போயிருந்தன. டாரில் பின்னறைக்குப் போய்த் தன் சொந்தத் துப்பாக்கியிலிருந்த பழைய ஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். நான்கு மடங்கு மட்டும் காட்டும், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. கறுப்புப் பூச்சு உதிர்ந்து அங்கங்கே இரும்பு தெரிந்தது.

“இருபது குளிர்காலம் பாத்தது” என்றார் டோனாவிடம். “சனிக்கிழமைக்கு எடுத்துட்டுப் போங்க.”

டோனா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. நம்பலாமா?”

“முக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

டாரில் முகம் போன போக்கைப் பார்த்து டோனா சத்தமாகச் சிரித்தார். ஆனால் டாரில் தடுக்கவில்லை. தண்ணீரை மாற்றி, அதையும் முக்கினேன். பள்ளத்துக் குமிழிகளைத் தடவி விட்டேன். காத்திருந்தோம், மூன்று பேரும் ஒரு வாளியைச் சுற்றி. ஒன்றும் வரவில்லை.

“ஒண்ணுமில்ல” என்றேன். தமிழில்தான் வந்தது. அவர்களுக்குப் புரிந்தது.

பொருத்தும்போது திருகாணித் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். துப்பாக்கியை நான் தொடக்கூடாதே. டாரில் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் குறி சேர்த்துக் கொடுத்தார். வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், குளிரிலேயே பூட்டி வையுங்கள், வெப்பத்திலிருந்து குளிருக்கும் குளிரிலிருந்து வெப்பத்துக்கும் மாற்றி மாற்றி அலைக்கழித்தால் எந்தக் கண்ணாடியும் மூடும் என்று சொன்னேன்.

கடிதத்தைப் பற்றி டாரிலிடம் மாலையில் கேட்டேன். “அடுத்த வாரம்” என்றார். அது அவருடைய மேசையில் காபிக் கோப்பைக்கு அடியில் இருந்தது. இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது. கோபமா, பனி வாரும் இயந்திரங்கள் விற்கும் பருவத்தின் நெருக்கடியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் அலுப்பாக இருக்கிறது.

8

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மஞ்சள் பேருந்து கடைக்கு முன்னால் வந்து நின்றது. டோனா இறங்கி வந்தார். டாரிலின் ஸ்கோப்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் மகனைக் கொண்டு வீட்டிலேயே கழற்றியிருக்கிறார்.

நான் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றேன். இங்கத்திய முகங்களை வாசிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

“எல்லாம் தெரிஞ்சுது” என்றார். “விடியறதுக்கு முன்னால புதர்ல ஒவ்வொரு குச்சியும் தெரிஞ்சுது. நாலு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒரு முயல் வந்துச்சு.”

“மூஸ்?”

“வரலை.”

அவ்வளவுதான். ஒரு காளை வந்த காலையில் கண்ணாடி மூடியிருந்தது. கண்ணாடி தெளிந்த காலையில் காளை வரவில்லை. அந்த வீட்டில் இந்தக் குளிர்காலத்துக்கு இறைச்சி கடையில்தான். அதில் என் பங்கு எவ்வளவு, கசிந்த அடைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரியவில்லை. மன்னிக்கவேண்டும் என்றேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பேருந்தில் காலை மிதித்தாலும் சொல்கிறார்கள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

டோனா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எனக்கு உன்மேல கோபம் இருக்கு. எதுக்குத் தெரியுமா?”

“எச்சிலுக்கு.”

“இல்லை. முப்பது வருசமா இந்த ஊர்ப் பிள்ளைங்களை ஏத்தி இறக்கறேன். அவங்க அப்பா அம்மாகிட்ட ஒரு பொய் சொன்னதில்லை. உனக்காக ஒண்ணு சொன்னேன். ரெண்டு நாள்ல அதைப் போட்டு உடைச்சிட்டே.”

அவர் மேசையின் இழுப்பறையைக் கண்ணால் காட்டினார்.

“அந்தத் துப்பாக்கிப் படிவம் இன்னும் அதுலதான் இருக்கா?”

அவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. இருக்கிறது என்றேன். மூன்று ஆண்டு தெரிந்த ஆள் வேண்டும் என்று கிடக்கிறது என்றேன்.

“எனக்கு உன்னை ரெண்டு வருசம் தெரியும். நீ வந்த முதல் வாரம், தப்பான நிறுத்தத்துல நின்னு என் பேருந்துக்குக் கை காட்டினே, ஸ்கூல் பேருந்துன்னு தெரியாம. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அவர் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

“அடுத்த நவம்பர்ல மூணு ஆகும். அப்ப எடுத்துட்டு வா” என்றார். “எனக்கு அடுத்த சீட்டு விழ இன்னும் நாலு வருசம் ஆகும். அதுக்குள்ள நீயே பொருத்தக் கத்துக்கோ. டாரில் கை நடுங்க ஆரம்பிச்சிருக்கு.”

கையுறையை மாட்டிக்கொண்டு போனார். பேருந்து கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு ஆண்டு என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். எனக்கோ கடிதம் ஒரு கோப்பைக்கு அடியில் இருக்கிறது.

படிவத்தை எடுத்தேன். முதல் சாட்சிக்கான கட்டத்தில் பென்சிலால் டோனாவின் பெயரை எழுதினேன். எத்தனை ஆண்டுகளாகத் தெரியும் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். பிறகு பின்னறைக்குப் போனேன். கசிந்த மூன்றைத் திருப்பி அனுப்பியதற்கு மாற்றாகப் புதுப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றுக்கென்று பிடித்து வைத்த வாளித் தண்ணீர் பேச்சில் ஆறிப்போயிருந்தது. கொட்டிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் வேறு பிடித்துக்கொண்டு வந்தேன்.